மூன்று கல், ஒரு குண்டான்: ஒகேனக்கல் முதல் கொல்லிமலை வரை

குடியரசு தினத்தை ஒட்டி நாலைந்து நாள் விடுப்பு சேர்ந்தது. மச்சினனிடம் ஒரு புல்லட், சேலத்து நண்பரிடம் ஒரு பழைய ஸ்ப்ளெண்டர். காவிரிக் கரையோடு இறங்கி வந்து கொல்லிமலை ஏறுவது, தினம் ஒரு வேளையாவது வெட்டவெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பது, போகிற ஊரில் என்ன சமைக்கிறார்களோ அதைக் கற்றுக்கொள்வது. திட்டம் அவ்வளவுதான். ஓர் அலுமினியக் குண்டான், இரும்பு வாணலி, கரண்டி, கத்தி, அஞ்சறைப்பெட்டி, கொஞ்சம் அரிசி, தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, ஒரு பாட்டில் நல்லெண்ணெய். எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி வண்டியின் பின்னால் கட்டினோம். குண்டானும் வாணலியும் வழியெல்லாம் தாளம் போட்டுக்கொண்டே வந்தன.

இந்தப் பயணத்தில் என்னை அசர வைத்தது அடுப்பும் புகையும் இல்லை. சமையல் குறிப்பு கேட்டால் யாரும் எளிதில் சொல்வதில்லை என்பதுதான். "அதெல்லாம் கண்ணளவு" என்று முடித்துவிடுகிறார்கள். அவர்கள் வாயைத் திறக்க என்ன செய்ய வேண்டும் என்பது முதல் நாளே தெரிந்துபோனது நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 24, சனி: ஒகேனக்கல்

பென்னாகரம் தாண்டி இறக்கத்தில் இறங்கும்போதே கார்கள் வரிசை கட்டி நின்றன. தொடர் விடுமுறை. விடுதியில் தொலைபேசியில் சொன்ன வாடகை 1,200. நேரில் போனால் 2,000. "நாளைக்கும் லீவு, நாளான்னைக்கும் லீவுங்க சார்" என்று காரணம் சொன்னார்கள். வெந்நீர் உண்டா என்று கேட்டதற்கு, ஆறு பக்கத்தில்தானே இருக்கிறது என்பதுபோல ஒரு பார்வை.

பரிசல், அருவி, எண்ணெய் மசாஜ் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். பரிசலில் போனோம், நனைந்தோம், நன்றாக இருந்தது. நான் சொல்ல வந்தது மீன்.

அருவிக்குப் போகும் வழி நெடுக தட்டுகளில் மசாலா தடவிய மீன் அடுக்கியிருப்பார்கள். அந்தச் சிவப்பு மிளகாயில் வருகிற சிவப்பு இல்லை. அதை விட்டுவிட்டு உயிர் மீனாக வாங்குவதே நல்லது. கட்லா, ரோகு, ஜிலேபி, வாளை இருந்தன. இரண்டு கிலோ கட்லா ஒன்றைப் பேரம் பேசி 440 ரூபாய்க்கு வாங்கி, 30 ரூபாய் கொடுத்து வெட்டிக்கொண்டோம். பை கையில் ஏறியதுமே நாலு பக்கமிருந்தும் "சமைக்கணுமாண்ணா?" என்று குரல். வருகிறவர்கள் வாங்கும் மீனை அங்கேயே சமைத்துக் கொடுப்பது இந்த ஊர்ப் பெண்களுக்குத் தொழில். அடுப்பு, பாத்திரம், விறகு, உழைப்பு அவர்களுடையது. எண்ணெய், வெங்காயம், புளி நாம் வாங்கித் தர வேண்டும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவிடம் 350 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

தகரக் கொட்டகைக்குக் கீழே இரண்டு மண் அடுப்பு, ஓரமாக ஓர் அம்மி. காய்ந்த மிளகாய், மல்லி, மிளகு, சீரகம் எல்லாவற்றையும் லேசாக வறுத்து அம்மியில் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்து இழுத்தார். முதலில் கரகரவென்றிருந்த சத்தம் மெல்ல மெல்ல வழவழவென்று மாறியது. அப்புறம் சின்ன வெங்காயம், பூண்டு. குழவியின் அடியில் சேர்ந்ததை விரலால் ஒரே வழிப்பில் எடுத்து மறுபடி நடுவில் வைத்தார்.

"எத்தனை மிளகாய்க்கா போட்டீங்க?" என்றேன்.

"எத்தனையோ. எண்ணியா போடுறோம்?"

"மல்லி?"

"கண்ணளவுதாண்ணா."

சரி என்று விட்டுவிட்டு, எங்கள் திருநெல்வேலிப் பக்கம் மீன் குழம்புக்குத் தேங்காயும் சீரகமும் அரைத்து ஊற்றுவோம் என்று பேச்சுக்குச் சொன்னேன். குழவி நின்றுவிட்டது.

"மீன் குழம்புக்குத் தேங்காயா? ராத்திரிக்கே ஊசிப் போயிடுமே! நாங்க இன்னைக்கு வச்சா நாளைக்குக் காலையில களிக்கு ஊத்தித் தின்போம். அதுக்குத்தான் குழம்பு வைக்கிறதே." பிறகு அவரே, "தேங்காய் எப்ப ஊத்துவீங்க? புளி கொதிச்சப்புறமா, முன்னாலயா?" என்று கேட்டார். புளியும் மசாலாவும் கொதித்துப் பச்சை வாசனை போன பிறகு, தேங்காயை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் மீன் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் கை தானாக எண்ண ஆரம்பித்தது. இரண்டு கிலோ மீனுக்கு மிளகாய் இருபத்தைந்து, மல்லி இரண்டு கைப்பிடி, மிளகு ஒரு கரண்டி, சீரகம் அதில் பாதி, பூண்டு இரண்டு முழுசு, எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை புளி, நாலு தக்காளி. கடலை எண்ணெய்தான். தர்மபுரி மாவட்டத்தில் நிலக்கடலை விளைகிறது, வேறு எண்ணெயை அவர் எண்ணெயாகவே மதிக்கவில்லை.

குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு தலைத் துண்டும் வால் துண்டும் முதலில் போயின, நடுத் துண்டுகள் பிறகு. மீன் விழுந்த பின் கரண்டி கிடையாது. இரண்டு பக்கமும் துணியால் பிடித்துச் சட்டியையே ஒரு சுழற்றுச் சுழற்றினார். இறக்குமுன் மேலே ஒரு கரண்டி பச்சைக் கடலை எண்ணெய்.

தனக்கென்று கொண்டு வந்திருந்த ராகிக் களியில் ஓர் உருண்டையை எங்களுக்கு வைத்தார். மச்சினன் மெல்ல ஆரம்பித்தான். "மென்னா பல்லுல ஒட்டிக்கும் தம்பி. கிள்ளு, குழம்புல முக்கு, முழுங்கு." அவன் முழுங்குவதற்குள் எங்கள் இலை காலி.

ஜனவரி 25, ஞாயிறு: நாகமரை, பண்ணவாடி, மேட்டூர்

பென்னாகரத்திலிருந்து ஏரியூர் வழியாக நாகமரைக்கு வந்தால் சாலை தண்ணீரில் முடிகிறது. எதிரே மேட்டூர் நீர்த்தேக்கம், அக்கரையில் பண்ணவாடி. படகில் வண்டியையும் ஏற்றிக்கொள்வார்கள். தரைவழியாகச் சுற்றினால் ஆகிற நேரமும் பெட்ரோலும் மிச்சம்.

படகுக்கு ஆள் சேர நேரமாகும் என்றார்கள். அதற்குள் உப்புமா கிண்டிவிடலாம் என்று மச்சினன் தண்ணீர் ஓரத்திலிருந்து அழகான உருண்டைக் கற்களாக மூன்றைப் பொறுக்கி வந்தான். காற்று பலமாக அடித்தது. வண்டிகளை மறைப்பாக நிறுத்தி, சுள்ளி வைத்து, வாணலி ஏற்றி, தாளித்து, தண்ணீர் கொதித்து, ரவை விழுந்து கெட்டியாகிற நேரம் 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு கல் இரண்டாகப் பிளந்து, வாணலி சாய்ந்து, முக்கால்வாசி உப்புமா மண்ணில். நல்லவேளை, கல் சில்லு யார் மேலும் படவில்லை.

"தண்ணிக்குள்ள கெடந்த கல்லு நெருப்புல நிக்காதுங்க," என்றார் படகுக்காரர், சிரிக்காமல். "மேட்டுல வெயில்ல காஞ்ச கல்லாப் பாத்து எடுக்கணும்." கல்லுக்குள் ஊறியிருக்கும் நீர் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லையே உடைத்துவிடும். வெட்டவெளியில் சமைக்கப் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கீழே விழுந்ததைக் கரையில் இருந்த நாய்கள் பார்த்துக்கொண்டன. மிச்சத்தை மூவரும் ஆளுக்கு இரண்டு வாய்.

பலகை போட்டு வண்டிகளைப் படகில் ஏற்றினார்கள். புல்லட்டை ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. பாதித் தூரத்தில் படகுக்காரர் ஓர் இடத்தைக் கையால் காட்டினார். மேட்டூர் அணை கட்டி 1934இல் தண்ணீர் தேக்கியபோது இந்தப் பகுதியில் இருந்த ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடையில் பழைய கோயிலின் நந்தி சிலையும், ஒரு தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். நாங்கள் போனபோது தண்ணீர் மட்டும்தான்.

அக்கரையில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மீனவக் குடும்பம். தணல் மேலே ஜிலேபி மீன்களைச் செதில்கூட எடுக்காமல் அப்படியே போட்டிருந்தார்கள். வயிறு மட்டும் கீறிச் சுத்தம் செய்து, உள்ளே கல்லுப்பும் நசுக்கிய பச்சை மிளகாயும். வெளித்தோல் கரியாகும் வரை விட்டு எடுத்து, நகத்தால் தோலைப் பிடித்து இழுத்தால் செதிலோடு சட்டை மாதிரி கழன்று வருகிறது. உள்ளே வெள்ளை வெளேரென்று ஆவி பறக்கும் சதை. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. விலைக்குக் கேட்டோம். "விக்கிறதுக்கு இல்லைங்க, சாப்பிடுங்க" என்று இரண்டைத் தட்டில் வைத்தார் வீட்டுக்காரம்மா. பணம் வாங்கவே இல்லை. எங்களிடமிருந்த சுக்குமல்லிக் காப்பிப் பொடியில் பாதியைக் கொடுத்து, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைக்கும் விதத்தையும் சொல்லிவிட்டு வந்தோம். உப்புமா கொட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை.

மதியம் மேட்டூர். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அணையைப் பார்க்க வருவதில்லை, அணைக்கட்டு முனியப்பனைப் பார்க்க வருகிறது. சேலம், ஈரோடு, தர்மபுரி என்று பல பக்கமிருந்தும் வேனில் ஆட்டையும் கோழியையும் ஏற்றிக்கொண்டு வந்து, காவிரியில் குளித்து, சாமிக்கு வெட்டி, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மரத்தடிக்கு மரத்தடி அடுப்பு. விறகு கட்டுக் கணக்கில் விற்கிறார்கள், அண்டா குண்டா வாடகைக்குக் கிடைக்கிறது. புகை கண்ணைக் கரித்தாலும் யாரும் நகர்வதில்லை. வெட்டவெளிச் சமையலை ஒரு பொழுதுபோக்காக நினைத்துக் கிளம்பிய எனக்கு, இங்கே வந்து நின்றதும் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இவர்களுக்கு இது பாட்டன் காலத்து வழக்கம்.

ஒரு வேப்ப மரத்தடியில் ஓசூர் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் நாற்பது பேர் இருக்கும். அடுப்பு ஒன்று காலியாக இருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். கொடுத்த கையோடு, "அந்தக் குச்சிய அடுப்புல வைக்காதீங்க, அது அரளி" என்று என் கையிலிருந்ததைப் பிடுங்கி எறிந்தார் ஒரு பெரியம்மா. அரளியின் எந்தப் பாகமும் நஞ்சு, புகையும் ஆகாது.

நான் வைத்தது உளுந்தஞ்சோறு. எங்கள் ஊர்ச் சமையலில் ஒரே பாத்திரத்தில் முடிகிற சமாச்சாரம் என்பதால் உளுந்தைக் கையோடு கொண்டு வந்திருந்தேன். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு தோல் உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் வாசனை வரும் வரை வறுக்க வேண்டும், கருகினால் கசக்கும். அதோடு கழுவிய அரிசி, ஒரு கரண்டி வெந்தயம், கொஞ்சம் சீரகம், உரித்த பூண்டு ஒரு கைப்பிடி, ஒரு மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. எல்லாம் சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு தண்ணீர். வடிக்கக் கூடாது. தண்ணீர் வற்றி மேலே குழி குழியாக விழுந்ததும் விறகை இழுத்துவிட்டு, மூடி மேல் தணல் அள்ளிப் போட்டு, கால் மணி நேரம் தொடாமல் விட வேண்டும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். இல்லாவிட்டால் கறிக்குழம்பு, அது இன்னும் நல்லது. கறிக்குழம்புதான் பக்கத்து அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்ததே.

"என்னங்க சோறு கறுப்பா இருக்கு, அடி புடிச்சிருச்சா?" என்று அந்தப் பெரியம்மா எட்டிப் பார்த்தார். ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "வயசுக்கு வந்த புள்ளைக்கு நாம உளுந்தங்களி கிண்டிக் குடுப்போம்ல, அத இவங்க சோறாவே ஆக்கியிருக்காங்க பாரு. இடுப்புக்கு நல்லது." மருமகள் கைபேசியை எடுத்து, "முதல்ல இருந்து சொல்லுங்கண்ணா, பதிவு பண்ணிக்கிறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அங்கே எங்களுக்குத் தடை ஏதும் இல்லை. ரத்தப் பொரியல் எப்படி என்று கேட்காமலே காட்டினார்கள். உப்புத் தண்ணீரில் வேக வைத்து உதிர்த்த ரத்தம், அதற்குச் சமமாகச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கடைசியில் தேங்காய்த் துருவல். அடுப்பை விட்டு இறக்கித்தான் தேங்காய் போட வேண்டுமாம். பையன்கள் ஈரல் துண்டுகளைக் குச்சியில் குத்தித் தணலில் காட்டி, வேகுமுன்பே பாதியைத் தின்றுகொண்டிருந்தார்கள். பந்தியில் எங்களையும் உட்கார வைத்தார்கள். "சாமி சோறுங்க, போதும்னு சொல்லக் கூடாது." மூன்றாவது தடவையும் கறி விழுந்தது. எங்கள் குண்டான் எப்போது காலியானது என்று நாங்கள் பார்க்கவில்லை.

ஜனவரி 26, திங்கள்: பள்ளிபாளையம்

பவானி கூடுதுறையில் குளியல், குமாரபாளையம் அருகே ஸ்ப்ளெண்டருக்குப் பஞ்சர். விடுமுறை நாளில் கடை திறந்திருந்த ஒரே பஞ்சர்க்காரர் சாப்பாட்டில் இருந்தார். கை கழுவிவிட்டு வந்துதான் பார்ப்பேன் என்றார். நியாயம்தானே.

ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையம். விசைத்தறி ஊர். விடுமுறை என்பதால் தறிச் சத்தம் குறைவு. நண்பரின் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் புளிய மரத்தடியில் அடுப்பு. எல்லா ஊர் உணவகங்களிலும் இப்போது 'பள்ளிபாளையம் சிக்கன்' எழுதியிருக்கிறார்கள். பாதி இடங்களில் குடைமிளகாயும் சோள மாவும் போட்டு என்னென்னவோ செய்கிறார்கள். பெரியம்மாவிடம் சொன்னதும், "குடைமிளகாயா? அது எதுக்குங்க கண்ணு?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

அவர் வைத்ததில் மசாலாப் பொடி கிடையாது, தக்காளி கிடையாது. ஒரு கிலோ கோழி, எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக. கால் கிலோவுக்கு மேல் சின்ன வெங்காயம். முப்பது வரமிளகாய். ஒரு மூடித் தேங்காயைத் துருவாமல் பல்லுப் பல்லாகக் கீறியது. நல்லெண்ணெய், பூண்டு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு.

வேலை எல்லாம் மிளகாயில்தான். காம்பைக் கிள்ளி, நடுவில் பிளந்து, முறத்தில் தட்டித் தட்டி ஒரு விதை இல்லாமல் உதறினார். விதை போனால் காரம் அடங்கி நிறமும் வாசனையும் மட்டும் நிற்கும். அதனால்தான் முப்பது மிளகாய் போட்டும் சாப்பிட முடிகிறது. எனக்கும் ஒரு குவியல் தந்தார். பத்தாவது மிளகாயில் விரல் எரிய ஆரம்பித்தது. "தண்ணியில கழுவாதீங்க, எண்ணெயத் தொட்டுத் தேச்சுக்குங்க" என்றார். கேட்டது. கண்ணைத் தொடாமல் இருப்பதுதான் பெரும்பாடு.

எண்ணெய் காய்ந்ததும் மிளகாய், நிறம் மாறுவதற்குள் வெங்காயம், அது வதங்கியதும் கோழியும் மஞ்சளும் உப்பும். தண்ணீர் ஊற்றவில்லை. கோழி விட்ட தண்ணீரிலேயே மூடி வேக வைத்து, முக்கால் வேக்காட்டில் தேங்காய்ப் பல்லு. அதன் பிறகு தீயைக் குறைத்துச் சுருளச் சுருளக் கிளறல். கருவேல விறகின் தணல் இதற்குப் பொருத்தம். சீக்கிரம் அணையாது, நாக்கு நீட்டி எரியவும் எரியாது.

கிளறிக்கொண்டே, "வழியில என்ன சாப்பிட்டீங்க?" என்று விசாரித்தார். ஒகேனக்கல் அக்காவின் மீன் குழம்பை அளவோடு ஒப்பித்தேன். குறுக்கே ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில், "வெந்தயம் சொல்லலையே" என்றார். அவர் போடவில்லை என்றேன். "போட்டிருப்பா. நீங்க பாத்திருக்க மாட்டீங்க." எனக்கும் இப்போது சந்தேகம்.

ஜனவரி 27, செவ்வாய்: கொல்லிமலை

சேந்தமங்கலம் வழியாக மலையடிவாரத்துக் காரவள்ளி. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டியபோது மச்சினன், "அத்தான், இன்னும் முப்பதா?" என்று கத்தினான். மேலே போகப் போகக் குளிர் சட்டைக்குள் இறங்கியது.

சோதனைச் சாவடியில் சாக்கைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார்கள். அடுப்புச் சாமான் என்றதும் முகம் மாறிவிட்டது. காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது, தை மாசியில் சருகு காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். மூட்டினால் வழக்கு. அவர்கள் சொன்னது சரி. காட்டோரம் உட்கார்ந்து பிரியாணி செய்து காணொளி போடுகிறவர்கள் அணைக்காமல் விட்டுப்போகும் அடுப்புகளை வழியிலேயே பார்த்தோம். நாங்கள் தங்கியது ஒரு விவசாயி வீட்டில். அவர் வாசல் அடுப்பே போதும்.

அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்குவது எளிது. வழியில் கடைக்குக் கடை முடவாட்டுக்கால் சூப், கப் 30 ரூபாய். பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு அது. கிழங்கென்று சொன்னாலும் கிழங்கில்லை. மேலே பழுப்பு ரோமம் அடர்ந்து ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தை வழித்துச் சீவி, கழுவி, இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு இடித்துக் கொதிக்க வைத்து வடிகட்டுகிறார்கள். சைவம் என்று நம்ப முடியாத ருசி. மூட்டுவலி பறந்துவிடும் என்று எல்லாக் கடையிலும் பலகை. நான் இறங்கும்போது ஒன்று, ஏறும்போது ஒன்று குடித்தேன். முழங்கால் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. படிக்கட்டில் வைத்திருந்த பையிலிருந்து முழுத் தேங்காயைக் குரங்கொன்று தூக்கிக்கொண்டு போய், உடைக்கத் தெரியாமல் பாறையில் உருட்டிக்கொண்டிருந்தது.

இரவு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். வாசலில் கல் உரலில் வீட்டுக்காரம்மா சாமையைக் குற்றி, முறத்தில் புடைத்து, மறுபடி குற்றினார். கடையில் பாலிஷ் போட்டு வரும் சாமைக்கும் இதற்கும் நிறத்திலேயே வித்தியாசம். அரை மணி ஊற வைத்து, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர். நான் ஊரில் வைக்கிற நேரத்துக்கே இறக்கலாம் என்று பார்த்தேன், அம்மா தடுத்துவிட்டார். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீர் 96 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. கொதி தெரியும், சூடு குறைவு. எதையும் கூடுதல் நேரம் வேகவிட வேண்டும். அவருக்கு டிகிரிக் கணக்குத் தேவைப்படவில்லை. "எங்க ஊர்ல எதுவும் அவசரப்பட்டு வேகாதுங்க" என்றார்.

மொச்சை இந்த மாதம்தான் கிடைக்கும். பச்சை மொச்சையை ஊற வைத்துத் தோல் பிதுக்கி, மிளகும் சீரகமும் தூக்கலாக வைத்து, புளி கம்மியாகக் குழம்பு. மிளகு அவர்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் காய்த்தது. எள்ளுத் துவையலை இங்கேதான் கொடுத்தேன். கறுப்பு எள்ளை வறுத்து, வரமிளகாய், பூண்டு, புளி, தேங்காய், ஒரு துண்டு கருப்பட்டி வைத்து அம்மியில் அரைத்தது. வீட்டுப் பெரியவர் சாமைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கருப்பட்டி மட்டும் வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னார். திருநெல்வேலிக்காரனிடம் சொல்லக் கூடாத வார்த்தை. ஆனாலும் அவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

ஜனவரி 28, புதன்: இறக்கம்

விடியும்போது எல்லாம் பனியில் நனைந்திருந்தது. வெளியே போட்டிருந்த விறகு பற்றவே இல்லை. மச்சினன் ஊதி ஊதிக் கண் சிவந்தான். வீட்டுக்காரம்மா அடுப்புக்கு மேலே கட்டியிருந்த பரணிலிருந்து நாலு சுள்ளியை இழுத்துப் போட்டார். நேற்றைய அடுப்புச் சூட்டிலேயே காய்ந்தவை. ஒரே தீக்குச்சி. தோட்டத்துக் காப்பிக் கொட்டையை வறுத்து இடித்த காப்பி, வெல்லம் போட்டது. பால் இல்லாமல் நான் விரும்பிக் குடித்த முதல் காப்பி.

குண்டானின் அடி கரி ஏறி ஒரு விரற்கடை தடிமனில் இருந்தது. அடுப்பில் ஏற்றுமுன் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் தேய்க்கும்போது கரி தானாக வரும் என்று அப்போதுதான் சொன்னார்கள். முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

மிளகு அரைக் கிலோ வாங்கினோம். வீட்டில் கேட்ட விலைக்கும் மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில் கேட்ட விலைக்கும் கிலோவுக்கு நூறு ரூபாய் வித்தியாசம். வீட்டிலேயே வாங்கிக்கொண்டோம். பெரியவர் ஓர் அன்னாசியைச் சும்மா கொடுத்தார், அதை எங்கே கட்டுவது என்று பெரிய விவாதம். எழுபது வளைவையும் இறங்கிச் சேந்தமங்கலம் வந்தபோது மணி ஒன்றரை. யாருக்கும் அடுப்பு மூட்டத் தெம்பில்லை. சாலையோரம் ஒரு சின்ன மெஸ், அளவில்லாச் சாப்பாடு 90 ரூபாய். கீரைக் கூட்டு சுமார். ரசம் அபாரம். பூண்டை நசுக்கிப் போட்ட மிளகு ரசம், மல்லித்தழை வாசனை தூக்கியது. மச்சினன் இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு, எழுந்து சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "அண்ணே, இந்த ரசத்துக்கு என்னென்ன போடுறீங்க? எங்க ஊர்ல உளுந்தஞ்சோறுன்னு ஒண்ணு இருக்கு..." என்று ஆரம்பித்தான்.

"தம்பி, கை கழுவிட்டு அப்புறம் பேசுங்க. பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க."